மண் போய் பாஸ்புக் வந்த கதை



விவசாயத்தைப் பத்தி எழுதுற ஆளுக்கு பேங்கைப் பத்தி எழுத என்ன இருக்குன்னு நினைச்சுடாதீங்க. எங்க பக்கத்துல ஒரு சம்சாரியோட கதை முழுசா தெரியணும்னா அவன் கொல்லையைப் பார்த்தா மட்டும் போதாது, அவன் பாஸ்புக்கையும் வாங்கிப் பார்க்கணும். (எங்க ஊர்ப் பேச்சில் மானாவாரி நிலத்துக்குக் கொல்லை என்று பேர். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொல்லை இல்லை.)

எங்க ஊர் நெய்வேலிக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில் இருக்கிறது. செம்மண் பூமி. முந்திரி, பலா, மல்லாட்டை இதுதான் எங்கள் சொத்து. மல்லாட்டைன்னா நீங்க சொல்ற வேர்க்கடலை. சென்னையில் இருக்கிறவங்களுக்கு நெய்வேலின்னா கரண்ட். எங்களுக்கு அது கரண்ட் மட்டும் இல்லை. சங்கு சத்தம், ஷிப்ட் பஸ், சம்பள நாள், அப்புறம் ஒரு பேங்க். அந்த பேங்கின் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். பேங்க் பேரும் டவுன் பேரும் வேண்டாம். எங்க பக்கத்துக்காரங்களுக்குப் படிச்சதுமே தெரிஞ்சுடும்.

முதலில் சுரங்கம் வந்த கதை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு போட ஆழமாகத் துளை போட்டபோது தண்ணியோடு சேர்ந்து கறுப்பாக ஒரு பொருள் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. அதற்குப் பிறகு எத்தனையோ சோதனை நடந்து, 1956-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் என்று கம்பெனி பதிவானது. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அப்போது காமராஜர் முதலமைச்சர். மேல் மண்ணை வெட்டி வெட்டி 1961-ல்தான் கரி கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த வருஷம் கரண்ட் வந்தது. சுரங்கத்துக்கு ஜெர்மன்காரன் மிஷின், கரண்ட் எடுக்கிற இடத்துக்கு ரஷ்யாக்காரன் உதவி.

பழுப்பு நிலக்கரியைத் தரைக்கு அடியில் பொந்து குடைஞ்சு எடுக்க மாட்டாங்க. மேல இருக்கிற மண்ணு மொத்தத்தையும் வாரி எடுத்தால்தான் கரி. ராட்சச சக்கரத்தில் வாளி வாளியாகக் கட்டின மிஷின் மண்ணை வெட்டி பெல்ட்டில் போட, அது தூரத்தில் போய் மலையாகக் குவியும். கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கிற ஊத்துத் தண்ணியை ராத்திரி பகலா மோட்டார் வெச்சு இறைச்சுக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா அது கரியைத் தூக்கிக்கிட்டு மேலே வந்துடும். அதனாலதான் எங்க பக்கத்துல சுரங்கம்னா ஒரு வாசலோ ஒரு குழியோ இல்லை. ஊர் அளவுக்கு நிலம் போகணும். நிலம் போனால் பணம் வரும். பணம் வந்தால் அதை வைக்க ஒரு இடம் வேணும். எங்க பேங்குக்கு அங்கதான் வேலை வந்தது.

பேங்க் வர்றதுக்கு முன்னால் எங்க தாத்தா காலத்தில் கடன்னா ரெண்டே வழி. ஒண்ணு, மல்லாட்டை மண்டி. விதைக்கும்போது முன்பணம் கொடுப்பாங்க, விளைஞ்சதும் அவங்க சொல்ற விலைக்கு அவங்களுக்கே போடணும். இன்னொண்ணு, பிராமிசரி நோட்டு எழுதிக் கொடுத்து வட்டிக்கு வாங்குறது. மிச்சம் பிடிச்ச காசு இருந்தா ஆயா கழுத்துல ஏறும், இல்லேன்னா பானைக்குள்ள போகும். "பேங்க்ல போட்டா திவாலாயிடும்டா" என்பது தாத்தா வாயில் அடிக்கடி வரும். அது வெறும் பயம்னு நான் நினைச்சிருந்தேன். பிறகு படிச்சபோதுதான் தெரிஞ்சது, 1906-ல் மெட்ராஸில் அர்பத்நாட் கம்பெனி என்கிற வெள்ளைக்கார பேங்க் கவிழ்ந்து, பணம் போட்டிருந்த ஏகப்பட்ட குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்திருக்கு. அந்த அடிக்குப் பிறகுதான் நம்ம ஆளுங்களே சேர்ந்து 1907-ல் இந்தியன் பேங்க் ஆரம்பிச்சாங்க. 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் வந்தது. அந்த 1906 பயம் செய்தித்தாள் வராத எங்க ஊருக்கும் வாய்வழியா வந்து சேர்ந்திருக்கு பாருங்க.

சுரங்கம் வந்த பிறகு சுத்துவட்டாரத்தில் மாசச் சம்பளம் என்று ஒன்று வந்தது. அதுவரைக்கும் எங்க ஜனங்க வருஷத்துக்கு ரெண்டு தடவை பணத்தைப் பார்த்தவங்க: மல்லாட்டை பிடுங்கும்போது ஒரு தடவை, முந்திரிக்கொட்டை பொறுக்கும்போது ஒரு தடவை. மாசாமாசம் பணம் வர்ற ஆளுங்க சேர்ந்ததும் டவுனில் ஹோட்டல் வந்தது, ஜவுளிக்கடை வந்தது, சினிமாக் கொட்டாய் வந்தது, பேங்க்கும் வந்தது. அப்பா சொல்லுவார், முதலில் அது ஒரு நாட்டு ஓட்டு வீடு, இரும்புக் கம்பி ஜன்னல், உள்ளே நாலு பேர். விவசாயி யாரும் அந்தப் பக்கம் போக மாட்டான். வாசலில் செருப்பைக் கழட்டி விட்டுட்டு உள்ளே போன ஆளுங்களும் உண்டு.

1969 ஜூலை 19-ல் இந்திரா காந்தி 14 பேங்குகளை அரசுடைமை ஆக்கினாங்க. எங்க பேங்கும் அதில் ஒண்ணு. அதற்குப் பிறகுதான் "விவசாயிக்கும் கடன் கொடு" என்று மேலே இருந்து உத்தரவு வர ஆரம்பிச்சது. இன்னைக்கும் பேங்குகள் கொடுக்கிற கடனில் 40 சதவீதம் முன்னுரிமைத் துறைக்கு, அதில் விவசாயத்துக்கு 18 சதவீதம் என்று ரிசர்வ் பேங்க் கணக்கு வெச்சிருக்கு. அப்பா முதல் முதலா அந்தப் படி ஏறினது கேணிக்கு ஆயில் என்ஜின் வாங்கத்தான். சிட்டா, அடங்கல், ரெண்டு சூரிட்டி கையெழுத்து, ஊர்ல யார்கிட்டயும் பாக்கி இல்லைன்னு சர்டிபிகேட். ஏழு நடை நடந்தேன்னு சொல்லுவார். ஆனா வட்டி எவ்வளவு, எப்போ கட்டணும்னு தாளில் எழுதிக் கொடுத்தாங்க. மண்டியில் யாரும் அப்படி எழுதிக் கொடுத்ததே இல்லை. அப்பாவுக்குப் பெரிய சந்தோஷம் அதுதான்.

நான் பள்ளிக்கூடம் படிக்கிறப்போ அப்பாவோடு அந்த பேங்குக்குப் போயிருக்கேன். பித்தளை டோக்கன் கொடுப்பாங்க. அதைக் கையில் வெச்சுக்கிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கணும். லெட்ஜரைத் தூக்க முடியாமத் தூக்கி வருவார் ஒரு ஊழியர். இரும்பு ரூமுக்கு ரெண்டு சாவி, ஒண்ணு கேஷியர்கிட்ட, ஒண்ணு மேனேஜர்கிட்ட. ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் திறக்கும். ஒருத்தர் லீவு போட்டா சாவியை இன்னொருத்தர்கிட்டக் கையெழுத்து வாங்கி ஒப்படைக்கணும். தாத்தாவோட திவால் பயத்துக்கு அந்த ரெண்டு சாவிதான் பதில் என்று எனக்குத் தோணும்.

அந்த பெஞ்சிலேயே ரெண்டு ஜாதி ஜனம் உட்கார்ந்திருக்கும். நான் சொல்றது பிறப்புல வர்ற ஜாதி இல்லை. சம்பளச் சீட்டு வெச்சிருக்கிறவங்க ஒரு ஜாதி, வெச்சிருக்காதவங்க ஒரு ஜாதி. நிரந்தரத் தொழிலாளிக்குச் சீட்டைக் காட்டினா போதும், மேனேஜரே நாற்காலி போடுவார். ஸ்கூட்டர் கடன், வீட்டுக் கடன், பிள்ளை படிப்புக் கடன். அதே சுரங்கத்தில் அதே சேத்துல நிக்கிற காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அந்தச் சீட்டு கிடையாது. அவனும் எங்களை மாதிரியே பொண்டாட்டி கழுத்துல இருக்கிறதைக் கழட்டிக்கிட்டு வரணும். நகையை உரைச்சுப் பார்க்கிற ஆசாரி மேனேஜர் ரூமுக்குப் பக்கத்தில் சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். கல்லில் ஒரு இழுப்பு, தராசில் ஒரு நிறுப்பு. மதிப்பில் சுமார் முக்கால் பங்கு கையில் வரும். எங்க ஊரில் பாதித் தாலிச் செயின் கார்த்திகையில் பேங்குக்குப் போய், மல்லாட்டை பிடுங்கினதும் கழுத்துக்குத் திரும்பி வரும். விதை வாங்கறதுக்கு வேற வழி இல்லை.

இது வரைக்கும் நல்ல கதைதான். இனிமேல்தான் விஷயம்.

1980-களில் ரெண்டாவது சுரங்கத்துக்கு நிலம் எடுத்தாங்க. அம்மா பிறந்த ஊர் அதில் போச்சு. என் மாமாவுக்கு நாலு ஏக்கர். நஷ்டஈடு கம்மியா, நியாயமா என்பது தனி வழக்கு, கோர்ட்டுக்குப் போனவங்களும் உண்டு. நான் இங்க சொல்ல வர்றது பணம் கைக்கு வந்த பிறகு என்ன ஆச்சுங்கிறதை.

மாமா போன பிறகு அத்தை டிரங்குப் பெட்டியில் இருந்து அவரோட பாஸ்புக்கை எடுத்துக் காட்டினாங்க. முதல் வரியில் வரவு 31,400 ரூபாய். அப்போ பவுன் ரெண்டாயிரத்துக்கும் கீழே. அந்த மாதிரி ஒரு தொகையை எங்க வம்சத்தில் யாரும் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. அடுத்த வாரமே 5,000 பற்று. பழைய நோட்டுக் கடன். அப்புறம் 6,000. கொடுத்த மனையில் வீடு எழுப்ப. அப்புறம் 9,000. என் மாமா பொண்ணு, எனக்கு அக்கா முறை, அவங்க கல்யாணம். கையில் காசு இருக்கிறது ஊருக்கே தெரிஞ்சதும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேக்கிறதும் ஏறிடுச்சு. அதுக்குக் கீழே 2,000 என்று ஒரு வரி. அது என்னன்னு அத்தையைக் கேட்டேன். "சாமிக்குடா தம்பி"ன்னாங்க. ஊரை எடுத்தப்போ அய்யனாரையும் எடுக்கணும் இல்லையா? புது இடத்தில் மேடை கட்டி, பூசை போட்டு, குதிரை செஞ்சு வைக்கத் தலைக்கட்டுக்கு வசூல் பண்ணியிருக்காங்க. அப்புறம் பங்காளிக்குக் கைமாத்து 3,000. அது திரும்பி வந்ததுக்கு வரவு வரி எதுவும் இல்லை.

அதுக்குப் பிறகு 200, 150, 300. இதுதான் எனக்குப் பாக்க முடியாமப் போச்சு. அது அரிசிக் காசு. நிலம் இருந்தவரைக்கும் மாமா அரிசி வாங்கினதே இல்லை. கம்பு, கேழ்வரகு, கொஞ்சம் நெல்லு, வரப்பில் துவரை. கீரை, விறகு, மாட்டுக்குத் தழை இதுக்கெல்லாம் விலை இருக்குன்னே அத்தைக்குத் தெரியாது. நிலம் போனதும் எல்லாத்துக்கும் பேங்குக்குப் போக வேண்டியதாச்சு. மூணு வருஷத்தில் கடைசி வரியில் இருப்பு 64 ரூபாய். குடிச்சு அழிக்கலை, சீட்டாடி அழிக்கலை. ஒவ்வொரு வரியும் நியாயமான செலவு. ஆனா மொத்தமும் போச்சு.

அந்தச் சமயத்தில் பேங்கில் ஒரு மேனேஜர் இருந்தார். கும்பகோணத்துப் பக்கத்து ஆளு. நஷ்டஈடு வாங்கின ஜனங்க வரிசையில் நின்னு பணத்தை எடுக்கிறதைப் பார்த்து அவருக்கு மனசு கேக்கலை போல. சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கிட்டு ஊருக்கே வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்து பேசினாராம். அத்தை அப்படியே அவர் பேசினதைச் சொல்லுவாங்க. "ஐயா, இது சம்பளம் இல்ல, அடுத்த மாசம் மறுபடி வராது. இது உங்க நிலம். நிலத்தைத் துண்டு துண்டா வெட்டித் தின்பீங்களா? பாதியை டெபாசிட் பண்ணுங்க, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் கையெழுத்தும் இருந்தாத்தான் எடுக்க முடியும்னு போட்டுத் தரேன்."

அவர் பேச்சைக் கேட்டவங்க கொஞ்சம் பேர்தான். அப்போ நீண்ட கால டெபாசிட்டுக்கு வட்டி பத்து சதவீதத்துக்குக் குறையாது. மாமாவோட பக்கத்து வீட்டுக்காரர் பாதிப் பணத்தை அப்படிப் போட்டு, அஞ்சு வருஷம் கூலி வேலைக்குப் போய்ச் சாப்பிட்டு, முதலும் வட்டியும் சேர்த்து விருத்தாசலத்துக்கு மேற்கே ரெண்டு ஏக்கர் கரம்பு வாங்கினார். சவுக்கு போட்டார். இன்னைக்கு அவர் பேரன் அதில்தான் விவசாயம் பண்றான். ஏன் அவரால முடிஞ்சது, மாமாவால முடியலை என்று அத்தையைக் கேட்டேன். "அந்த வூட்டுல அக்கா கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க. என்கிட்ட யாரு கையெழுத்துக் கேட்டாங்க?" என்றாங்க. அத்தை பேர் அந்தப் பாஸ்புக்கில் எங்கேயும் இல்லை.

சம்பளச் சீட்டு வெச்சிருந்தவங்க மட்டும் தப்பிச்சாங்களான்னா, அவங்களுக்கும் ஒரு நாள் வந்தது. ரிட்டையர் ஆகிற நாள். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் மொத்தமா வரும். அதுவும் நஷ்டஈடு மாதிரிதான், அடுத்த மாசம் வராது. 1990-களில் தமிழ்நாடு பூரா தெருவுக்குத் தெரு பைனான்ஸ் கம்பெனி முளைச்சது. பேங்க் 12 சதவீதம் கொடுத்தா அவங்க 24 சதவீதம், 30 சதவீதம் என்பாங்க. எங்க பக்கத்திலும் ஒண்ணு வந்தது. சுரங்கத்தில் முப்பது வருஷம் மிஷின் ஓட்டின ஒருத்தர், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், பேங்கில் இருந்ததை எடுத்து அதில் போட்டார். கொஞ்ச நாள் வட்டி ஒழுங்கா வந்தது. அப்புறம் ஒரு நாள் காலையில் கதவில் பூட்டு. ஊர் ஊரா இப்படி ஆனதால்தான் 1997-ல் முதலீட்டாளர் பாதுகாப்புன்னு தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டு வந்தது. அவர் அதுக்கப்புறம் வாட்ச்மேன் வேலைக்குப் போனார்.

இந்த ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பார்த்தா எனக்கு ஒண்ணு புரியுது. மாசச் சம்பளம் ஊத்துத் தண்ணி. மொத்தப் பணம் ஏரித் தண்ணி. ஊத்துல மொண்டுக்கிட்டே இருக்கலாம், ஊறும். ஏரியில் மடையைத் திறந்தா திறந்ததுதான், அடுத்த மழை எப்பவோ. ரெண்டையும் ஒரே பாஸ்புக்கில் ஒரே மாதிரிதான் எழுதறாங்க. பேங்க் மேல தப்பு இல்லை. பணத்தைப் பத்திரமா வெச்சுக்கிறது அதோட வேலை. இது நிலமா, கூலியா என்று பிரிச்சுப் பார்க்கிற வேலை நம்மளோடது.

எங்க ஊர் நிலம் இன்னும் இருக்கு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தப்போ முந்திரியும் பலாவும் வேரோடு சாஞ்சது. எங்க அப்பா வெச்ச மரம் எல்லாம் ஒரே ராத்திரியில் படுத்துடுச்சு. பேங்க் கடன் மட்டும் சாயாம நின்னுச்சு. ஆனா மண்ணு இருந்தது. மறுபடி கன்னு வெச்சோம். ஊடுபயிரா மல்லாட்டை போட்டோம். கிசான் கார்டில் பயிர்க்கடன் எடுத்தா 3 லட்சம் வரைக்கும் 7 சதவீதம், கெடுவுக்குள் கட்டினா 4 சதவீதம்தான் அப்போ விழுந்தது. அப்படியே தேறி வந்துட்டோம். புயலுக்கு மாமா ஊர் தப்பிச்சுடுச்சு. சாய்றதுக்கு அங்க மரமே இல்லை.

இப்போ மறுபடியும் சுரங்க விரிவாக்கம், நிலம் எடுப்பு என்ற பேச்சு எங்க சுத்துவட்டாரத்தில் ஓடுது. போன மாசம் பக்கத்து ஊர் பையன் ஒருத்தன், எனக்குத் தம்பி முறை, வந்து கேட்டான். "அண்ணே, ஒருவேளை எடுத்துட்டாங்கன்னா பணத்தை என்ன பண்றது? கார் வாங்கி வாடகைக்கு விடலாம்னு ஒருத்தர் சொல்றாரு. ஷேர்ல போடலாம்னு ஒருத்தர் சொல்றாரு." நிலத்தைக் கொடுக்கிறதா வேண்டாமா என்பதை அவனும் அவன் ஊரும் முடிவு பண்ணிக்கட்டும். பணத்தைப் பத்தி மட்டும் நான் அவனிடம் நாலு விஷயம் சொன்னேன்.

முதல்ல, கணக்கைப் பொண்டாட்டி பேரும் சேர்த்து ஆரம்பி. ஒருத்தர் கையெழுத்தில் எடுக்கிற மாதிரி வேண்டாம், ரெண்டு பேரும் போடணும்னு எழுதிக் கொடு. ரெண்டாவது, ஒரே பேங்கில் வைக்காதே. பேங்க் முழுகினா ஒருத்தருக்கு 5 லட்சம் வரைக்கும்தான் காப்பீடு. 2020-க்கு முன்னாடி அதுவும் ஒரு லட்சம்தான். மூணாவது, வீடு கட்டுறதுக்கு முன்னாடி நிலம் தேடு. அரை ஏக்கர் ஆனாலும் சரி. வீடு சோறு போடாது. நாலாவது, பணம் வந்த ஆறு மாசத்துக்கு எந்த விசேஷமும் வைக்காதே.

எல்லாத்தையும் கேட்டுக்கிட்டான். கடைசியில், "எங்க அய்யனாருக்கும் இடம் பாக்கணுமே அண்ணே, அதுக்கு எவ்வளவு ஒதுக்கறது?" என்றான்.

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அத்தைகிட்ட கேட்டுச் சொல்றேன்னு அனுப்பி வெச்சேன். அத்தைக்கு இப்போ எண்பது தாண்டிடுச்சு. கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "சாமிக்குக் கொடுத்த அந்த ரெண்டாயிரம்தான்டா இன்னும் நிக்குது. வருஷா வருஷம் போய்ப் பொங்கல் வைக்கிறமே. மத்த வரியெல்லாம் எங்க இருக்கு?" என்றாங்க.

தம்பியிடம் அதை அப்படியே சொல்லிட்டேன். உங்கள்ல யாருக்காவது இந்த மாதிரி நிலம் போன குடும்பம் தெரிஞ்சா அந்த நாலு விஷயத்தையும் அவங்களுக்குச் சொல்லுங்க. சாமி விஷயத்தையும் சேர்த்தே சொல்லுங்க.

கார்த்திகைப் பட்டத்துக்கு உழவு ஓட்டணும். மழை விட்டதும் அதைப் பத்தி எழுதறேன்.